கோழி விற்ற காசு

அன்புள்ள அண்ணா,

முல்லைத்தீவு உடையார்கட்டில் போருக்குப் பிறகு மீள்குடியேறியிருக்கும் ஒரு கணவன் மனைவிக்குப் போன வருடம் 1,75,000 ரூபா அனுப்பினேன். கூடு அடித்து, நூறு ஊர்க்கோழிக் குஞ்சு வாங்கிக் கொடுத்தோம். படம் வந்தது, முகநூலிலும் போட்டேன். இப்போது பார்த்தால் கூட்டோடு எல்லாவற்றையும் விற்றுத் தாலிக்கொடியை அடைவிலிருந்து (அடகிலிருந்து) மீட்டிருக்கிறார்கள். மிச்சம் ஒரு சேவல்தானாம். கணவர் போனில் பேசுவதே இல்லை. நான் கணக்காளன், கணக்கில்லாமல் காசு கொடுக்க மனம் வருவதில்லை. அடுத்தது மாடு கொடுக்கலாமா, தையல் மெசினா? அல்லது கிளிநொச்சி டவுனில் கடை போடச் சொல்லலாமா? ஆடியில் பிள்ளைகளோடு வருகிறேன், அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

க., ஸ்காபரோ, கனடா

அன்புள்ள தம்பி,

தையல் மெசின் என்ற இடம் வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். டவுனில் கடை என்பதை விடுங்கள், காணியும் வயலும் இருக்கிறவர்கள் அங்கே போய் என்ன செய்வது.

2010இல், போர் முடிந்தபின் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து விசுவமடுவுக்குத் திரும்பி வந்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். உதவியாகத் தறப்பாள், தகரம், மண்வெட்டி, பிறகு 25,000 ரூபா, அதில் 5,000 கையில், மிச்சம் வங்கியில். கிணறு இருந்தது, ஆனால் அதற்குள் என்ன கிடந்தது என்று எழுதினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிடமாட்டீர்கள். வாழ்வாதார உதவி என்று ஒரு பெடியன் படிவத்தோடு வந்தான். ஆடு, கோழி, தையல் மெசின், சைக்கிள் என்று நான்கு பெட்டி, ஒன்றுக்குச் சரி போடவேண்டும். "தம்பி, கிணறு இறைச்சுத் தருவீங்களா?" என்று மனைவி கேட்டார். நல்ல பெடியன்தான், படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், கிணற்றுக்குப் பெட்டி இல்லை. ஆட்டுக்கும் கோழிக்கும் முதலில் வேலியும் கூடும் இருக்கவேண்டுமாம், சைக்கிள் முடிந்துவிட்டதாம். மெசினுக்குச் சரி போட்டுவிட்டுப் போனான். எங்கள் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் தைப்பதே நான்தான்.

மெசினை விற்றோம். ஆள் பிடித்து, மோட்டர் வாடகைக்கு எடுத்து, இறைத்து, தூர் வாரி, குளோரின் போட்டுத் திரும்பவும் இறைத்து, மூன்றாம் தரம்தான் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்க மனம் வந்தது. அதில்தான் மிளகாய்க் கன்று வைத்தோம், அந்த மிளகாயில்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். ஆறு மாதத்தில் கண்காணிப்புக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ஒழுங்கையில் மெசின் வாங்கிய வீடு நான்கு, மிஞ்சியிருந்த மெசின் ஒன்று. வாகனம் முன்பக்கத்தால் வீடு வீடாக வர, மெசின் பின்வேலி ஓட்டைக்குள்ளால் வீடு வீடாக வந்தது. நான்கு வீட்டிலும் படம் எடுத்தார்கள், நான்கு படத்திலும் மூடியில் அதே கீறல். பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். கிணற்றைக் காட்டியிருக்கலாம், ஆனால் அவர்கள் பார்க்க வந்தது மெசினை.

இப்போது உங்கள் கொடிக்கு வருகிறேன். உங்களுடையது இல்லை, அந்தத் தங்கச்சியின் கொடி. போன ஞாயிற்றுக்கிழமை உடையார்கட்டுக்குப் போய், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. படம் கேட்டீர்கள்.

கொடி மூன்றரைப் பவுண். போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் இருந்தபோது அரிசிக்கும் மாவுக்கும் காப்பு போனது, சங்கிலி போனது, தோடும் போனது. கொடியை மட்டும் பாவாடைக் கரைக்குள் வைத்துத் தைத்து வட்டுவாகலால் கொண்டுவந்து சேர்த்தார். 2013இல் இந்திய அரசின் வீட்டுத்திட்டம் கிடைத்தது. ஐந்தரை இலட்சம், ஆனால் ஒரேயடியாகத் தரமாட்டார்கள், ஒரு கட்டம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த கட்டக் காசு. மணலும் கல்லும் சீமெந்தும் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், சுவர் கூரை மட்டத்துக்கு வருமுன் கைக்காசு முடிந்துவிட்டது. கொடி அடைவுக்குப் போனது, கூரை வந்தது.

அதை மீட்டபிறகு வருடா வருடம் இதே கதை. புரட்டாதியில் கொடி வங்கிக்குப் போகும். அந்தக் காசில் உழவு, விதைநெல், பசளை. மாசி, பங்குனியில் காலபோக (மழைக்கால நெல்) வெட்டு முடிந்து நெல்லை விற்றதும் கொடி வீட்டுக்கு வரும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குக் கழுத்தில் கொடியோடு போவார். மற்ற மாதங்களில் தாலி மஞ்சள் கயிற்றில். வங்கியில் இருந்து நகை வந்துபோகிற இந்தக் கணக்கில்தான் வன்னியில் எத்தனையோ வயல் விதைக்கிறது. நகை ஆசை என்று நினைத்தீர்கள் போல. நாளைக்கு அந்தக் கொடிதான் உழவு மெசினுக்கு எண்ணெய் அடிக்கப் போகிறது.

2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்களே, அந்தக் காலபோகத்தில் விளைச்சல் விழுந்தது. பங்குனியில் கொடி வரவில்லை. அடுத்த புரட்டாதியில் வைக்கக் கொடி இல்லை. அப்படியானவர் எங்கே போவார்? கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடனுக்கு. பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று கொடுக்கிற கடன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் "அம்மா இல்லை" என்று சொல்லச் சின்னவள் பழகிவிட்டாள். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை ஒரு இலட்சம் வரை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது, அவ்வளவு முற்றிப்போன விஷயம். அதற்குள் திரும்பவும் விழாமல் இருக்க அவருக்கு இருந்த ஒரே வழி கொடி கையில் இருப்பது.

கோழித் தீன் என்ன விலை என்று விசாரித்தீர்களா? அதே ஒழுங்கையில் இன்னும் ஆறு வீட்டுக்குக் கோழி கொடுத்திருக்கிறார்கள், முட்டையை யாருக்கு விற்பது? கீரி பத்தைக் கொண்டுபோனது. நோய் விழுந்தால் ஒரே கிழமையில் நூறும் போகும். அவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார். கொடி அடைவுக்குப் போனது 2021 விலையில், ரூபா விழுந்தபிறகு பவுண் விலை எங்கேயோ போய்விட்டது. பழைய கடனையும் வட்டியையும் கட்டினால் இன்றைய விலைக் கொடி கைக்கு வரும், விட்டால் ஏலம். கோழி விற்ற காசோடு சீட்டுக் காசையும் சேர்த்துக் கட்டினார். நீங்கள் கணக்காளர்தானே தம்பி, இதில் எங்கே பிழை?

படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்றைக்கே.

கணவர் போனில் பேசாததற்கு மனம் நோகவேண்டாம். தோள்மூட்டில் இன்னும் எறிகணைத் துண்டு இருக்கிற மனிதர். 2009 தொடங்கிச் சோற்றுப் பார்சலுக்கும் வாளிக்கும் நுளம்பு வலைக்கும் வரிசையில் நின்று நன்றி சொன்னவர். நான் போனபோது ஒற்றைக் கையால் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். பிளேன்டீ குடித்து முடியும்வரை என்னோடு கதைத்தது நான்கு வசனம் இருக்கும். அதில் ஒன்று, "கனடாத் தம்பிக்குக் கோழி வித்தது கோவமோ?" இல்லை என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதீர்கள்.

மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேய்ச்சல் தரைக்கு எங்கே போவது? அந்தத் தங்கச்சிக்கு ஒரு யோசனை இருக்கிறது, என்னிடம் சொன்னார். நான் எழுதமாட்டேன், நீங்களே எடுத்துக் கேளுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள், பகலில் வயலில் நிற்பார்.

நூறில் ஒரு சேவலை மட்டும் ஏன் விற்காமல் வைத்திருக்கிறார்கள் என்று உண்மையிலேயே உங்களுக்கு விளங்கவில்லையா? ஆடியில் பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்களே.