போராட்டச் செய்தியைப் படித்துக் கோபப்படும் மகளுக்கு இதழியல் சரிப்படுமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகள் இதழியல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், கேட்டால் "போராடுறவங்களை எல்லாம் பேப்பர்ல ரவுடி மாதிரி எழுதுறாங்க" என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கோபத்தோடு போனால் வேலையில் நிலைப்பாளா என்பதுதானே உங்கள் கவலை?

கோபம் இருக்கட்டும். பொறுமை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் பேரணியாகப் போனார்கள். அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. இதை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தபோது, துப்பாக்கிச் சூட்டுக்குத் தூண்டுதலே இல்லை என்று அதில் இருந்தது.

அந்த வாரத்துச் செய்தித்தாள்கள் இரண்டை நூலகத்தில் எடுத்து, வரி வரியாக "இதைச் சொல்வது யார்?" என்று அவளைக் குறிக்கச் சொல்லுங்கள். "சமூக விரோதிகள் புகுந்தனர்" என்று மொட்டையாக எழுதினால் அது பத்திரிகையே கொடுக்கும் தீர்ப்பு. "புகுந்ததாக முதல்வர் கூறினார்" என்றால் அது அவர் பொறுப்பு. அதிகாரிக்குப் பெயரும் பதவியும் இருக்க, ஊர்வலத்தில் வந்தவர் வெறும் "கும்பல்" ஆகியிருக்கிறாரா என்றும் பார்க்கட்டும். அப்புறம் அதே செய்தியை அவளே எழுதட்டும். எரிக்கப்பட்ட வாகனங்களையும் காயம்பட்ட போலீஸாரையும் அவள் விட்டுவிட்டால், தான் திட்டுகிற அதே வேலையை மறுபக்கம் நின்று செய்கிறாள். இது உறைத்து, முகம் சுளிக்காமல் திருத்தி எழுதினாள் என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. நிருபர் வேலை மட்டும்தான் பத்திரிகை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தலைப்பு வைப்பது நிருபர் இல்லை, இரவு ஷிஃப்டில் டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தியைத் திருத்தும் உதவி ஆசிரியர். "மறியல்" என்று வந்த செய்தி "அட்டகாசம்" ஆவதும் ஆகாததும் அவர் கையில். நியாயம்தான் இவள் அக்கறை என்றால் அந்த நாற்காலி இவளுக்குப் பொருந்தும். வெயிலில் அலைய வேண்டாம். ஆனால் தூக்கம் போகும்.

படிப்புக்கு அவசரம் வேண்டாம். வரலாறோ பொருளாதாரமோ தமிழோ ஒரு இளங்கலை முடிக்கட்டும். படிக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு முயற்சி செய்யலாம். பிறகு சென்னை ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் கொஞ்சம் கடுமைதான், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். நெல்லைப் பக்கமே போதும் என்றால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்தபின், தான் செய்தி எழுதும் போராட்டத்தில் அவளே கோஷம் போட முடியாது. பல அலுவலகங்களில் முகநூல் பதிவுக்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. இதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. கம்பெனியைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அளவுக்குத்தான் இருக்கும். அதை அவளுடைய அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.