இட்லிக்கும் வட்டி ஓடுகிறது

கேள்வி: வயது 26. வேளச்சேரியில் தனி அறை. கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய்; வாடகை 8,500, ஊருக்கு அனுப்புவது 8,000. எட்டு மாதத்துக்கு முன் கிரெடிட் கார்டில் 25,000 ரூபாய்க்கு போன் வாங்கினேன். மாதம் தவறாமல் மினிமம் டியூ, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகை, கட்டுகிறேன். ஆனாலும் பாக்கி 46,000 ரூபாய் ஆகிவிட்டது. அந்தக் கார்டில் காலை டிபன் ஆர்டர் தவிர வேறு எதுவும் போடுவதில்லை. இனி நானே டிபன் செய்யலாம் என்று 5,400 ரூபாய் ஏர் ஃபிரையரை மாதம் 900 வீதம் நோ காஸ்ட் இஎம்ஐயில் வாங்கப் போகிறேன். கூடவே மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில் 2,000 ரூபாய் போடும் எஸ்ஐபி தொடங்க ஆசை. எந்த ஃபண்ட் நல்லது? அம்மா வாங்கிக் கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பும் கடாயும் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. எனக்குச் சமைக்கத் தெரியாது.

பதில்: ஃபண்ட் பெயர் இப்போது சொல்லப் போவதில்லை. ஏர் ஃபிரையரும் வேண்டாம். ‘டிபன் ஆர்டர் தவிர வேறு எதுவும் போடுவதில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முழுப் பாக்கியையும் கட்டுபவருக்குத்தான் கார்டில் 45, 50 நாள் வட்டியில்லாக் காலம். மினிமம் மட்டும் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும். அதன் பிறகு வாங்கும் ஒவ்வொன்றுக்கும், காலை எட்டரை மணி இட்லி வடை உட்பட, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றால் நான்கைத் தாண்டுகிறது. 130 ரூபாய் இட்லி ஒரு வருடம் பாக்கியில் கிடந்தால் 200 ரூபாயைத் தொட்டுவிடும்.

உங்கள் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 46,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியும் ஜிஎஸ்டியும் சுமார் 1,900. நீங்கள் கட்டும் மினிமம் 5 சதவீதம் என்று வைத்தால் 2,300. அசலில் கழிவது 400 ரூபாய். அதே மாதம் டிபன் எவ்வளவு? இட்லி வடை 75, பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து 130. வேலை நாள் 22 என்றால் 2,860. ஆக 400 கழித்துவிட்டு 2,860 ஏற்றுகிறீர்கள். 25,000 எட்டு மாதத்தில் 46,000 ஆனதற்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை. போன் மேல் பழி போடாதீர்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆர்டரை நிறுத்தினால் மாதம் 2,860 ரூபாய் மிச்சமாகி, அதைக் கடனுக்குக் கட்டலாம் என்று தோன்றும். ஆகாது. அந்தப் பணம் உங்கள் சம்பளத்திலிருந்து போகவே இல்லை, கார்டிலிருந்து போனது. நிறுத்தினால் கடன் ஏறுவது நிற்கும், அவ்வளவுதான். கையில் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வராது. மாறாக, நீங்களே டிபன் செய்ய ரவைக்கும் வெங்காயத்துக்கும் மாதம் 500 ரூபாய் கையிலிருந்து போகும்.

அப்படியானால் கடனை அடைக்கப் பணம் எங்கே? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எஸ்ஐபிக்கு ஒதுக்கிய 2,000, ஏர் ஃபிரையருக்கு ஒதுக்கிய 900, மொத்தம் 2,900. சாமானுக்கு 500 போனால் 2,400. ஏற்கெனவே கட்டும் 2,300-ஐச் சேர்த்தால் 4,700. மாதா மாதம் இதைக் கட்டி, கார்டில் புதிதாக எதையும் ஏற்றாமல் இருந்தால், 13 மாதத்தில் கடன் தீரும். வங்கியில் கேட்டு மொத்தப் பாக்கியையும் 12 மாத இஎம்ஐயாக மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு 16 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை 4,200 ரூபாய்க்குள் வரும். வட்டிக்கு ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் தனி. அழைப்பில் யாராவது ‘செட்டில்மென்ட்’, அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பது, என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது கறையாக நின்று, நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது எதிரே வரும்.

ஃபண்டில் 12 சதவீதம் கிடைக்கும் என்றே வையுங்கள். கார்டு ஆண்டுக்கு 50 சதவீதம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அது எந்த மூலைக்கு? ஊருக்கு அனுப்பும் 8,000-ல் மட்டும் கை வைக்காதீர்கள், அதனால் வந்த வினை அல்ல இது. ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை இன்றே அழித்துவிடுங்கள்.

இனி அடுப்பு. பெட்டியில் இருக்கும் கடாயின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடேறும். வெறும் அலுமினியம் என்றால் அடுப்பு அதைப் பாத்திரமாகவே மதிக்காது. தட்டையான அடி உள்ள இரும்பு அல்லது ஸ்டீல் கடாய் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு டிபன்: ரவை உப்புமா. பிடிக்காது என்பீர்கள். மெஸ்ஸில் தின்ற களி உப்புமாவை வைத்துச் சொல்வது அது. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ரவையை எண்ணெய் விடாமல் கடாயில் கொட்டி, 600 வாட்ஸ் அளவில் வைத்து, கை ஓயாமல் ஏழெட்டு நிமிடம் வறுங்கள். இண்டக்‌ஷனில் நடுப்பகுதி மட்டும் முதலில் கருகும், அதனால் அடியோடு சுரண்டிக் கிளற வேண்டும். வாசனை கிளம்பி, கரண்டியிலிருந்து காய்ந்த மணல் போல உதிரும்போது நிறுத்துங்கள். நிறம் சிவக்கும்வரை காத்திருந்தால் கசக்கும். தட்டில் பரப்பி முழுக்க ஆறியபின் டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டியாகும். வறுத்த ரவையில் வண்டும் சீக்கிரம் விழாது.

வேலை நாளில் ஒருவருக்கு, 150 மில்லி பிடிக்கும் சின்ன டம்ளரில் தலைதட்டி ஒரு டம்ளர் ரவை, அதே டம்ளரில் இரண்டரை டம்ளர் தண்ணீர். இரண்டு டீஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் அரை டீஸ்பூன் கடுகு. வெடித்ததும் உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் ஒவ்வொரு டீஸ்பூன். பருப்பு பொன்னிறமானதும் கீறிய பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம் ஒன்று. வெங்காயம் சிவக்க வேண்டாம், வதங்கினால் போதும். தண்ணீரை ஊற்றி முக்கால் டீஸ்பூன் உப்புப் போட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். ரவை விழுந்ததும் சரியாகிவிடும். பிறகு உப்புச் சேர்த்தால் ஒரே சீராகக் கலக்காது.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு சூட்டைக் குறைத்து, ஒரு கையால் ரவையை மழைச்சாரல் போலத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் ரவைக்குத் தண்ணீர் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். கடிக்கும்போது மாவாக வருகிற கட்டி அதுதான். தண்ணீர் கொதிக்கும் முன்பே போட்டாலோ ரவை ஊறிக் களியாகும். இறுகியதும் மூடி, மிகக் குறைந்த சூட்டில் மூன்று நிமிடம், அணைத்துவிட்டு இரண்டு நிமிடம். உடனே திறந்து கிளறினால் குழையும்.

ரவை 6 ரூபாய், வெங்காயம் 3, எண்ணெய் தாளிப்பு 4, மின்சாரம் 2. பதினைந்து ரூபாய், ஒரு வாழைப்பழத்தோடு 21. வெங்காயம் நறுக்குவது சேர்த்து பதினைந்து நிமிட வேலை. 22 நாளுக்கு 460 ரூபாய் சொச்சம். ஆரோக்கியம் என்ற பெயரில் விற்கும் மியூஸ்லியைப் பாலோடு சாப்பிட்டால் இதைப்போல இரண்டு மடங்காவது ஆகும், அதுவும் பதினோரு மணிக்கே பசிக்கும்.

எட்டே முக்காலுக்கு எழுந்த நாளில்தான் கை ஆப்பைத் தேடும். அதற்கென்று கெட்டி அவல் அரைக் கிலோ வாங்கி வையுங்கள். ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல் எடுத்து, இரண்டு முறை அலசி, அவல் மூழ்குமளவு தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். பத்து நிமிடத்தில் விரலில் நசுங்கும். பிழிந்து தயிரும் உப்பும் சேர்த்தால் டிபன். வெல்லத்தூள் போட்டாலும் சரி. மெல்லிய அவலை இப்படி ஊற வைத்தால் கரைந்தே போகும், கடையில் கேட்டு வாங்குங்கள்.

நோ காஸ்ட் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியையும் பிராசஸிங் கட்டணத்தையும் உங்களிடம்தான் வாங்குவார்கள். தவணை வந்து ஏறுவதும் இதே கார்டு பாக்கியின் மேல்தான். உப்புமாவை ஏர் ஃபிரையரில் கிண்டவும் முடியாது.

இஎம்ஐயாக மாற்றாமல் கையால் கட்டுவதாக இருந்தால், முழுப் பாக்கியையும் அடைத்த அடுத்த மாத ஸ்டேட்மென்டில் சில நூறு ரூபாய் வட்டி மறுபடி வந்து நிற்கும். தவறு அல்ல, ஸ்டேட்மென்ட் போட்ட தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அது. அதையும் கட்டிவிட்டு எழுதுங்கள், ஃபண்ட் பெயர் சொல்கிறேன்.