ஜாம் போத்தலும் அம்மம்மாவும்

கேள்வி: அம்மம்மா வெறும் ஜாம் போத்தலைக்கூட எறிய விடமாட்டார். அலுமாரி நிறையப் போத்தல்தான். யாழ்ப்பாணத்தாருக்குக் கஞ்சத்தனம் பிறவிக் குணமா?
– வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: கஞ்சத்தனம் என்று பெயர் வைக்கமுதல், அந்தப் போத்தல் பார்த்த வேலையைக் கேளுங்கள்.

1990 ஜூனில் அரச படைக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டதும் யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறுமளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவார்கள். பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்து உள்ளே இறக்கினால் விளக்கு. பஞ்சு குடித்த எண்ணெய் தளும்பாது, கண்ணாடி காற்றை மறிக்கும். திரி ஒரு நூல் உயர்ந்தால் போச்சு: போத்தல் கரி பிடிக்கும், விடியமுதல் எண்ணெய் தீரும். ஒரு தலைமுறை பல்கலைக்கழகம் புகுவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்த வெளிச்சம் அது.

செய்தி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். டைனமோவில் வருவது மாறுதிசை மின்சாரம்; நேரே கொடுத்தால் றேடியோ இரையும், இடையில் டயோட் வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் பிபிசி தமிழோசையும் களைத்துப்போகும். மோட்டார் சைக்கிளுக்கும் மண்ணெண்ணெய்தான். ஆறிய எஞ்சினில் அது ஆவியாகாது என்பதால், காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டிவிட்டே உதைப்பார்கள்.

ஆனால் பழியெல்லாம் போரின் தலையில் போடவும் முடியாது. வருடம் முழுக்க ஓடும் ஆறே இல்லாத மண் அது. கிணற்றில் துலா மிதித்துத் தோட்டம் செய்தவர்களுக்கு மிச்சம் பிடிக்க ஷெல் விழுந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 'பனங்கொட்டை சூப்பி' என்று மற்ற ஊரார் நக்கலடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். சூப்பிய கொட்டையும் வீணாவதில்லை. பாத்தி போட்டால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. பச்சையாய்க் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கூழில் கரைப்பார்கள், இல்லாவிட்டால் கசக்கும். அந்தக் கூழுக்குக் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இப்போது காசு கொடுத்து வரிசையில் நிற்கிறோம்; நக்கலடித்தவர்களும் நிற்கிறார்கள்.

அலுமாரியைத் துப்பரவாக்கத்தான் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பைகளில் தொடங்குங்கள். அவற்றில் யாரும் விளக்குக் கொளுத்தவில்லை.