சிறுவர்களை அனுப்பி சிகரெட் கேட்க வைத்துக் கடைக்காரரைப் பிடிப்பது நியாயமா?

பிரிட்டனில் கவுன்சில் (உள்ளாட்சி) அதிகாரிகள் 18 வயது நிரம்பாத பிள்ளையைக் கடைக்குள் அனுப்பி சிகரெட் கேட்க வைக்கிறார்களே, இது பொறி வைப்பது இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் இருக்கும் சூட்டைப் பார்த்தால் நீங்களோ உங்கள் வீட்டிலோ யாரோ மாட்டியிருக்கிறீர்கள். நானும் மாட்டியவன்தான்.

2016-இல் அங்கே முதுகலை படித்தபோது, சாயங்காலங்களில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரின் கடையில் கல்லாவில் நின்றேன். அன்று வரிசையில் ஆறேழு பேர். ஒரு பெண் வந்து சிகரெட் கேட்டாள். முகத்தில் பரு, பல்லில் கம்பி. சின்னக் கடைகளிலும் சிகரெட்டை வெளியே தெரிய வைக்கக் கூடாது என்று முந்தைய வருடம்தான் சட்டம் வந்திருந்தது. அதனால் நான் திரும்பி, அலமாரிக் கதவைத் தள்ளி, தேடித்தான் எடுக்க வேண்டும். யோசிக்க அவ்வளவு நேரம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் பால் கேனோடு நின்றவர் அட்டையைக் காட்டினார். கவுன்சில்.

ஏன் வயது கேட்கவில்லை? முந்தைய நாள் ஒரு அம்மாவிடம் கேட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டேன். 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேள் என்பது கடையில் ஒட்டியிருந்த விதி. ஒட்டியது நான்தான்.

கவுன்சிலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அவள் மேக்கப் போட்டுக்கொண்டு வரவில்லை, போலி அட்டை நீட்டவில்லை. வயது கேட்டால் பொய் சொல்லாதே என்றுதான் பொதுவாக அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இதில் பொறி எங்கே இருக்கிறது?

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்காக சிகரெட் வாங்கிக் கொடுப்பதும் இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து குற்றம். நான் இல்லை என்று அனுப்பிய பையனுக்கு, வரிசையில் நின்ற ஒருத்தர் வாங்கி வாசலிலேயே கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் பின்னால் பால் கேனோடு யாரும் நிற்கவில்லை. இதில் ஊரிலிருந்து பெரியப்பா வேறு போன் போட்டு, 'படிக்கப் போனவன் பெட்டிக்கடையில நிக்கிறியாமே' என்பார். அந்தச் சம்பளத்தில்தான் வாடகை கட்டினேன் பெரியப்பா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரி முதலில் கேட்டது கேமரா பதிவை இல்லை. வயது பார்த்து நாங்கள் விற்க மறுத்த ஆட்களை எழுதி வைக்கும் நோட்டை. கடைசியாக எழுதி ஏழு வாரம் ஆகியிருந்தது. முறையாகப் பயிற்சி கொடுத்தோம், கவனமாக இருந்தோம் என்று முதலாளி காட்டினால்தான் அவருக்குத் தற்காப்பு. எங்களிடம் காட்ட எதுவும் இல்லை. விற்றவன் மேலும் வழக்குப் போடலாம், 2,500 பவுண்டு வரை அபராதம். நல்ல வேளை, இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புது நோட்டு ஒன்றைக் கல்லாவில் வைத்து, "தம்பி, இனி எழுதும்" என்றார்.

அன்று ராத்திரியே நாலு பேரை எழுதினேன். நாலாவது ஆள் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அதன்பிறகு அவர் எங்கள் கடைப் பக்கமே வரவில்லை.