பட்டப்பெயரும் பரம்பரையும்: கியூபெக் வம்சாவளிக் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவரின் முன்னோர் மாசசூசெட்ஸில் வாழ்ந்தவர்கள். குடும்பப் பெயர் கிங். கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர்களாக இருக்குமா?

பதில்: ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை, பெயரை மட்டும் அனுப்பினால் எப்படிச் சொல்வது? இருக்கலாம். 1840 முதல் 1930 வரை ஏறத்தாழ ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே பெயரை ஆங்கிலமாக்கியதில் ருவா கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார், லெப்லான் ஒயிட் ஆனார். திருமணம் நடந்த தேவாலயம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிரெஞ்சுக்காரர்களின் பங்காக (அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியாக) இருந்தால் பழைய பெயர் அதன் பதிவேட்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கொள்ளுப்பாட்டியைக் கணவர் குடும்பப் பெயரில் தேடுகிறேன். அகப்படவில்லை.

பதில்: அகப்படமாட்டார். பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். பழைய கியூபெக் பதிவேடுகளில் கல்யாணம் ஆன பிறகும் பெண்ணுக்கு அந்தப் பெயர்தான்.

கேள்வி: மாண்ட்ரியலில் எனக்குத் திருமணம். கடவுச்சீட்டில் கணவர் பெயரைச் சேர்க்க நினைக்கிறேன்.

பதில்: கல்யாணத்தைக் காரணமாகக் காட்டி கியூபெக்கில் பெயரை மாற்ற முடியாது. 1981 ஏப்ரல் முதல் சட்டம் அப்படி. வீட்டில் எப்படியும் அழைக்கட்டும். ஆவணத்தில் உங்கள் பெயர் உங்களுடையது.

கேள்வி: மூதாதை ஒருவர் பெயர் 'மிவில் தி தெஷேன்' என்று இருக்கிறது. 'தி' என்றால் 'என்கிற' என்று பொருளாம். ஏதாவது குற்றம் செய்து தலைமறைவானவரா? அந்தப் பகுதியை வெட்டிவிட்டுக் குடும்ப மரத்தில் சேர்க்கலாமா?

பதில்: வெட்டாதீர்கள். இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது. நம் செய்தித்தாள்களில் கைதானவர்களின் பெயரோடு 'என்கிற' வருவதால் வந்த வினை இது. 'தி'யை அடுத்து வருவது பட்டப்பெயர், அவ்வளவுதான். 1665-ல் பிரான்சின் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவோடு சுமார் 1,200 வீரர்கள் கியூபெக்குக்கு வந்தார்கள். 400 பேர் வரை அங்கேயே தங்கிவிட்டார்கள். சிப்பாய்க்குப் படையில் தனிப் பெயர் உண்டு: லாஃப்ளேர் என்றால் மலர், சான்சூசி என்றால் கவலையற்றவன். துப்பாக்கியை வைத்துவிட்டு ஏர் பிடித்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேறு சிலருக்குச் சொந்த ஊர், சிலருக்கு நிலம், சிலருக்குத் தந்தையின் முதற்பெயர் பட்டப்பெயரானது. அண்ணன் பிள்ளைகள் குடும்பப் பெயரையும் தம்பி பிள்ளைகள் பட்டப்பெயரையும் வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். ஒரே ஆள் தன் திருமணத்தில் மிவில், மகனின் ஞானஸ்நானத்தில் தெஷேன்! 19-ஆம் நூற்றாண்டில்தான் பெரும்பாலானோர் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றோடு நின்றார்கள்.

இதை வெட்டினால் என்ன ஆகும்? இணையத்தில் ஒரு குடும்ப மரத்தைப் பார்த்தேன். ஒரே மனிதரை இரண்டு பேராக்கி, கணவரோடு வாழ்ந்துகொண்டிருந்த பெண்ணுக்கு இரண்டாம் கல்யாணமே செய்துவைத்திருந்தார்கள். அதை நாற்பது பேர் நகலெடுத்திருந்தார்கள். ஒருவராவது பதிவேட்டைத் திறந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது.

மறுபடியும் சொல்கிறேன்: திருமணப் பதிவைப் பாருங்கள். தேதி எண்ணில் அல்ல, எழுத்தில் இருக்கும். பிறகு மணமகன், அவன் தாய் தந்தை, அவர்கள் பங்கு. மணமகள், அவள் தாய் தந்தை. பல பதிவுகளில் கடைசி வரியில், கையெழுத்திடத் தெரியாது என்று இருவரும் சொன்னதாகப் பங்குத்தந்தை எழுதியிருப்பார். இரண்டு பதிவுகளில் தாய் தந்தை இருவரும் பொருந்தினால் ஆளும் பெரும்பாலும் ஒருவரே, பெயர் எதுவானாலும். பங்கில் இருந்த ஏடு எரிந்துபோனது என்று கைவிட்டுவிடாதீர்கள். இரண்டு படிகள் எழுதி ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது.

கேள்வி: ஓரத்தில் 7 போட்டு அதன் அருகில் 'ப்ர்' என்று சுருக்கி எழுதியிருக்கிறார்கள். ஜூலைதானே?

பதில்: செப்டம்பர். லத்தீனில் 'செப்தெம்' என்றால் ஏழு. அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து போட்டிருந்தால் டிசம்பர். ஜூலை என்று மரத்தில் ஏற்றியிருந்தால் இன்றே திருத்துங்கள்.