தொட்டால்தான் தெரியும்: வாசகர் கேள்வி-பதில்

இம்மாதக் கேள்விகள் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வாசகர்கள் அனுப்பியவை.

கேள்வி: கிருமி புகுந்த செல்லை வெள்ளை அணு தேடிக் கொல்லும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நல்ல செல், கெட்ட செல் என்று அதற்கு எப்படித் தெரியும்? பக்கத்துச் செல்லுக்கு அடி விழாதா?
*- ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி*

பதில்: அம்மா, வெள்ளை அணுவுக்குக் கண் இல்லை. தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். சிவப்பணு நீங்கலாக, உடலின் செல்கள் ஏறக்குறைய எல்லாமே தமக்குள் உருவாகும் புரதங்களை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகளை எம்எச்சி என்ற தாங்கியில் ஏந்தி வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே வைரஸ் இருந்தால் அதன் புரதத் துண்டும் கூடவே வெளியே வந்துவிடும். சொந்தத் தாங்கி, அந்நியத் துண்டு, இரண்டும் சேர்ந்திருப்பதைத்தான் டி செல் என்ற வகை வெள்ளை அணு அடையாளம் காண்கிறது. இதைக் கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் ஜின்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செல்லின்மேல் அப்படிப்பட்ட துண்டு பத்துக்கும் குறைவாக இருந்தால்கூட டி செல் விழித்துக்கொள்ளும்.

அடுத்து நடப்பது, ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு எளிதில் புரியும். மொட்டுப் பட்டைக்கும் அடிமரத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் பட்டை அழுகிவிடும் என்றுதானே பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றுகிறோம். டி செல்லுக்கு நாடா, எல்எஃப்ஏ-1 என்ற பிடிப்பு மூலக்கூறு. அது எதிர்ச் செல்லின் ஐகேம்-1ஐப் பற்றிக்கொண்டு வளையமாகச் சூழ்ந்து நிற்கும். வளையத்தின் நடுவே, அந்தத் துண்டை அடையாளம் காணும் டி செல்லின் ஏற்பிகள் திரளும். அந்த இடத்தில் இரு செல்களின் வெளிச் சவ்வுகளுக்கும் நடுவே இருப்பது சுமார் 15 நானோமீட்டர்தான். சிடி45 என்ற மூலக்கூறு அதைவிட உயரமானது. ஏற்பியின் சமிக்ஞையை அணைப்பது அதன் வேலை. இந்த இடுக்கில் நிற்க முடியாமல் அது ஓரத்துக்கு ஒதுங்குவதால்தான் சமிக்ஞை நிலைக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இந்தச் சந்திப்பு அமைப்புக்குத்தான் நோயெதிர்ப்பு சினாப்ஸ் என்று பெயர்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. சமிக்ஞை வந்ததும் டி செல்லுக்குள் கால்சியம் உயரும். அதன் உள்ளிருக்கும் சென்ட்ரோசோம், அதாவது நுண்குழாய்கள் கிளம்பும் மையம், நகர்ந்து வந்து, தொட்ட இடத்துச் சவ்வை ஒட்டி நிற்கும். நஞ்சுப் பைகள் நுண்குழாய்களின் வழியே அதை நோக்கி வந்து, அந்த இடுக்கில் மட்டும் கொட்டும். பையிலுள்ள பெர்ஃபோரின் என்ற புரதம் எதிர்ச் செல்லின் சவ்வில் துளை போட, கிரான்சைம் என்ற இன்னொரு புரதம் உள்ளே போய் அது தானாகச் சாகும் ஏற்பாட்டைத் தூண்டிவிடும். ரப்பர் பால் காட்டில் சிந்தாமல் மங்குக் கோப்பைக்குள் இறங்குவதுபோல, நஞ்சு அந்த இடுக்கைத் தாண்டிப் பரவுவது மிகக் குறைவு. அதே நஞ்சில் டி செல் ஏன் சாவதில்லை? அந்த இடத்தில் அதன் சவ்வின் கொழுப்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் பெர்ஃபோரினால் எளிதில் துளைக்க முடிவதில்லை. வேலை முடிந்ததும் பிடியை விட்டு அடுத்த செல்லுக்குப் போய்விடும். ஒட்டுக் கன்றின் உவமை இங்கே பொருந்தாது!

பெர்ஃபோரினோ, நஞ்சுப் பையைச் சவ்வோடு சேர்க்கும் மன்க்13-4 என்ற புரதமோ பிறவியிலேயே பழுதானால், டி செல் தொடும், ஆனால் கொல்லாது. கொல்ல முடியாத செல்லோடு ஒட்டியபடியே சமிக்ஞையைக் கொட்டிக்கொண்டிருக்கும். அப்படி மூளும் அழற்சி, குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: சினாப்ஸ் நரம்புக்கு உரிய சொல் அல்லவா? இதைக் கண்ணால் பார்க்க என்ன செய்ய வேண்டும்?
*- ஆறாம் படிவ மாணவி*

பதில்: ஆம் தங்கச்சி, நரம்புகளுக்காக 1897இல் சார்ல்ஸ் ஷெரிங்டன் தந்த சொல். நோயெதிர்ப்பு ஆய்வாளர்கள் பிறகு இரவல் வாங்கினார்கள். ஏபிரஹாம் குப்ஃபர் குழு 1998இல் அந்த வளைய அமைப்பைப் படமாகக் காட்டியது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இயலாது. பல்கலைக்கழகத்தில் செய்யும் முறை இது: டி செல்லையும், உரிய துண்டு ஏற்றிய செல்லையும் சம எண்ணிக்கையில் கலந்து, இலேசாகச் சுழற்றி நெருங்கவிட வேண்டும். 37 டிகிரி செல்சியஸில் 5 முதல் 15 நிமிடம் வைத்து, செல் ஒட்டிக்கொள்ள உதவும் பாலிலைசின் பூசிய கண்ணாடியில் படியவிட்டு, 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திச் சாயமேற்றுவார்கள். பெரும்பாலும் கெடுவது மூன்று இடங்களில். கலவை குளிர்ந்தால் செல் நகராது. கரைசலில் இடிடிஏ கலந்திருந்தால் மக்னீசியத்தைக் கவர்ந்துகொள்ளும். மக்னீசியம் இல்லாமல் எல்எஃப்ஏ-1 பிடிக்காது. நிலைப்படுத்தும் முன் பிப்பெட்டால் வேகமாக உறிஞ்சினால் ஒட்டிய ஜோடி பிரிந்துவிடும். இந்த மூன்றாவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுவார்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் எதிர்ப்பு சக்தி பானம் இதற்கு உதவுமா?
*- செம்பனைத் தோட்டத் தொழிலாளி*

பதில்: உதவும் என்பதற்குச் சான்று இல்லை ஐயா. தூக்கத்துக்கு உண்டு. தூங்கிய இரவில் டி செல்லின் பிடிப்பு மூலக்கூறுகள் ஐகேம்-1ஐ நன்றாகப் பற்றுகின்றன, விழித்திருந்த இரவில் குறைவாகப் பற்றுகின்றன என்று 2019இல் வெளியான மனித ஆய்வு ஒன்று காட்டியது. விடியுமுன் வேலைக்கு எழுபவர்கள் முன்னிரவிலேயே படுத்துவிடுங்கள்.

கேள்வி: என் அண்ணனின் நுரையீரல் புற்றுக்கு இம்யூனோதெரபி தருகிறார்கள். அது கீமோ இல்லையாமே?
*- தோட்டத்து ஆசிரியை*

பதில்: இல்லை அம்மா. புற்றுச் செல் பிடி-எல்1 என்ற மூலக்கூறை நீட்டும். அது டி செல்லின் பிடி-1ஐத் தொட்டால், சினாப்ஸ் அமைந்தாலும் சமிக்ஞை அணைந்துவிடும். இந்த மருந்து அந்தத் தொடுதலைத் தடுக்கிறது. தசுக்கு ஹோஞ்சோ, ஜேம்ஸ் அல்லிசன் இருவரும் 2018இல் நோபல் பெற்றது இத்தகைய தடைகளை நீக்கும் வழிக்காக. எல்லாருக்கும் இது பலிக்காது. சில கட்டிகள் எம்எச்சியையே இழந்துவிடும்; அப்போது டி செல் தொட்டறிய எதுவும் இருக்காது. தடை நீங்கிய டி செல்கள் நல்ல உறுப்பையும் தாக்கக்கூடும். வயிற்றுப்போக்கோ, புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ, பரவும் தோல் தடிப்போ கண்டால் அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரை காத்திராமல், அன்றைக்கே புற்றுநோய்ப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். மருந்து நிறுத்திச் சில மாதம் ஆன பின்னும் இவை வரலாம். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.