என் இறுதிச் சடங்கை நானே முடிவு செய்யலாமா?

கேள்வி: எனக்கு 71 வயது. கணவர் காலமாகிவிட்டார். மூத்த மகனோடு இருக்கிறேன். மகள் அருகிலேயே வசிக்கிறாள். இளைய மகன் வெளிநாட்டில். என் நாத்தனார் இறந்தபோது, எரிப்பதா புதைப்பதா, எப்போது எடுப்பது என்று உடலை நடுவீட்டில் வைத்துக்கொண்டே அவருடைய பிள்ளைகள் சண்டை போட்டார்கள். என் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது. எல்லாவற்றையும் நானே தீர்மானித்து, இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் நிறுவனத்தில் முன்கூட்டியே பணமும் கட்டிவிட நினைக்கிறேன். பேச்செடுத்தாலே பிள்ளைகள் "அபசகுனமாப் பேசாதீங்கம்மா" என்று எழுந்து போய்விடுகிறார்கள். நான் நினைப்பது தவறா? எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள அம்மா,

தவறே இல்லை. பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் இதுவும் ஒன்று. ஆனால் எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பணத்தையும் அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் என்றால் வண்டியும் பெட்டியும் கொண்டுவருபவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவருடைய வேலையில் பாதி, கேள்வி கேட்பது. எரிப்பா, அடக்கமா? எந்த நேரம்? யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? என்ன உடை? மோதிரத்தைக் கழற்றவா, அப்படியே விடவா? இறப்புச் சான்றிதழில் பெயர் எந்த எழுத்தில் வர வேண்டும்? அழுது ஓய்ந்த, தூக்கமில்லாத மனிதர்கள் இவற்றுக்கெல்லாம் சில மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் நாத்தனார் வீட்டுச் சண்டையும் இங்கேதான் பிறந்திருக்கும். அம்மா என்ன விரும்பினார் என்று யாருக்கும் தெரியாதபோது, ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த அம்மாவுக்காக வாதாடுகிறார்கள்.

அவருடைய வேலையின் மறுபாதி நம் கண்ணில் படுவதில்லை. இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். இமை, தாடை, கழுத்து என்று முதலில் தெரியும். விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க வேண்டுமென்றால், அனுபவமுள்ளவர் இழுக்க மாட்டார். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொரு மூட்டாக மெல்ல மடக்கி நீட்டி, தளர்ந்த பிறகே உடுத்துவார். தலைக்கு அடியில் கொஞ்சம் உயரம் கொடுப்பார், ரத்தம் முகத்தில் தேங்கி நிறம் மாறாமல் இருக்க. இதைச் செய்கிறவர்களை ஒதுக்கி வைத்தே பழகிவிட்ட சமூகம் நம்முடையது. நம்மைக் கடைசியாகத் தொட்டுக் கழுவி உடுத்துகிற கைகளுக்கு நாம் இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம் என்பது என் ஆதங்கம்.

சரி, நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை எவை? பிறகு மாற்ற முடியாதவை மட்டும்தான். எரிப்பா, அடக்கமா, உடல்தானமா என்பது முதலாவது. பிள்ளைகளுக்குள் ஒத்துவராவிட்டால் கடைசி வார்த்தை யாருடையது என்பது அடுத்தது. அந்த ஒருவரின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். ‘மூவரும் கலந்து பேசி’ என்று எழுதினால் பழைய சண்டைக்கே வழி விடுகிறீர்கள்.

உடல்தானம் உங்கள் எண்ணமாக இருந்தால், உயிரோடு இருக்கும்போதே மருத்துவக் கல்லூரியில் பதிவு செய்வது நல்லது. ஆனாலும் பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அதனால் ‘ஏற்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள்’ என்று இரண்டாவது விருப்பமும் காகிதத்தில் இருக்கட்டும். கண்தானத்துக்கு வயதோ கண்ணாடியோ தடையில்லை. பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, உடனே கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எரியூட்டலை விரும்பினால், இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் வைக்கும் பேஸ்மேக்கர் கருவி உங்களுக்கு இருக்கிறதா என்பதையும் குறித்து வையுங்கள். அதன் பேட்டரி வெப்பத்தில் வெடிக்கும் என்பதால் முன்பே அகற்றிவிட வேண்டும். அவசரத்தில் வீட்டார் மறந்துபோகிற விஷயம் இது.

இளைய மகன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது அதுதான். குளிர்பெட்டியில் உடலைச் சில நாட்கள் வைக்க முடியும். உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றும் ‘எம்பாமிங்’ செய்தால் இன்னும் கூடுதல் அவகாசம் கிடைக்கும். எனவே காத்திருக்க முடியுமா என்பதைவிட, நீங்கள் காத்திருக்க விரும்புகிறீர்களா என்பதுதான் கேள்வி. அதை நீங்களே சொல்லிவிடுங்கள். ‘இவன் வரும்வரை வையுங்கள்’ என்றோ, ‘காத்திருக்க வேண்டாம், அவன் வந்து சேர்ந்த பிறகு எல்லோரும் சேர்ந்து என்னை நினைத்தால் போதும்’ என்றோ எழுதுங்கள். அவனிடமும் நேரில் சொல்லுங்கள். அம்மாவே சொன்னாள் என்பது தெரிந்தால், வர முடியாத மகனும் காத்திருக்காத மகனும் குற்ற உணர்வோடு வாழ வேண்டியதில்லை.

செலவிலும் இப்படித்தான். 2021 டிசம்பரில் மறைந்த தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, தனக்கு ஆடம்பரம் கூடாது, கிடைப்பதிலேயே மலிவான பெட்டி போதும் என்று முன்பே சொல்லியிருந்தார். கயிற்றுப் பிடி வைத்த சாதாரண பைன் மரப்பெட்டியில்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அவரே கேட்டது என்பதால் குடும்பம் கஞ்சத்தனம் செய்தது என்று எவரும் சொல்ல முடியவில்லை. எளிமையை விரும்பினால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தாங்களாகச் செய்தால் ஊர் வாய் சும்மா இருக்காது.

முன்பணம் பற்றி. நிறுவனத்துக்குப் போய்ப் பேசுங்கள், ஆனால் முதல் சந்திப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக விலை எழுதிய பட்டியல் கேளுங்கள். அமெரிக்காவில் 1984 முதல் இப்படிப் பட்டியல் கொடுப்பது கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் நேர்மையானவர் தயங்காமல் தருவார். கட்டிய பணம் எங்கே இருக்கும், நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஆகும், நீங்கள் வேறு ஊரில் இறந்தால் செல்லுமா, மனம் மாறினால் திரும்பக் கிடைக்குமா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வராவிட்டால், அந்தத் தொகையைப் பிள்ளை ஒருவரோடு கூட்டுக் கணக்கில் போட்டு வைப்பது எவ்வளவோ மேல்.

விருப்பங்களை உயிலில் எழுதாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் எல்லாம் முடிந்த பிறகுதான் உயிலைப் பிரிக்கிறார்கள். தனியாக ஒரு பக்கம் போதும். பிரதி மூன்று எடுத்து மூவரிடமும் கொடுங்கள். உடலைப் பற்றிய விருப்பம் எல்லா நாட்டுச் சட்டத்திலும் செல்லுபடியாவதில்லை. உதாரணமாக, இங்கிலாந்துச் சட்டப்படி அது வெறும் விருப்பம்தான். முடிவு, உயிலை நிறைவேற்றுபவர் கையில். எனவே காகிதத்தை நம்புவதைவிட, பிள்ளைகள் சம்மதிப்பதே முக்கியம்.

அந்தச் சம்மதத்தை மூவரையும் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் கண் கலங்கினால் மற்ற இருவரும் எழுந்துவிடுவார்கள். மகளிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, நல்லாத்தான் இருக்கேன். அத்தை வீட்டில நடந்தது நம்ம வீட்டில நடக்கக் கூடாதுன்னு பார்க்கறேன்" என்று தொடங்கினால் அவள் காது கொடுப்பாள், அந்தச் சண்டையை அவளும் பார்த்தவள்தானே. அன்றைக்கு ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடை, பூ, பாட்டு, எந்தப் புகைப்படம் என்பதையெல்லாம் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். அந்த நாளில் அவர்கள் கைக்கும் ஏதாவது வேலை வேண்டும். உங்களுக்குப் பிடித்ததை அவர்கள் தேடி எடுத்துச் செய்வதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. அதையும் நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள்.